பாட்டரிகளுக்கு ஒரு நாள் லீவு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அதை எழுதி வைக்க இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன். இப்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எழுத்து அழகாக இல்லை. ஆகவே இனிமேல் எழுதலாம் என்று தோன்றுகிறது.

கல்கத்தாவில் மின்சார டிராம் புதிதாக ஓட ஆரம்பித்திருந்த காலம். அங்கே ஒரு துரைமார் கம்பெனி கடலில் மீன் பிடிப்பதற்காகச் சீமையிலிருந்து ஒரு நீராவிப் படகை வரவழைத்தது. வங்காளிகளுக்கு மீன் பிடித்துக் கொடுக்கச் சீமையிலிருந்து படகு வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான். ஆனால் இந்த ஊசியில் ஒரு விசேஷம் இருந்தது. படகு முழுவதும் மின்சார விளக்கு. பாய்மரத்தின் உச்சியில் ஒன்று, இரு பக்கமும் சிவப்பும் பச்சையும், மேல்தளத்தில் எட்டு, துரையின் அறையில் ஒரு விசிறி, ஒரு மணி. முன்பிருந்த பித்தளை மணியைக் கழற்றி, காலம் மாறிவிட்டது என்று சொல்லி, துரை தம் வீட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்டார்.

இத்தனைக்கும் மின்சாரம் தர வேண்டிய டைனமோவுக்குள் முதல் மாசமே உப்புத் தண்ணீர் புகுந்து அது வாயை மூடிக்கொண்டது. மாற்று உறுப்பு சீமையிலிருந்து 'வந்துகொண்டிருந்தது'. நான் அந்தக் கம்பெனியில் இருந்தவரை வந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே எல்லாப் பாரமும் பாட்டரிகளின் தலையில் விழுந்தது. கண்ணாடி ஜாடிக்குள் ஈயத் தகடு, அதைச் சுற்றித் திராவகம். பன்னிரண்டு ஜாடி ஒரு செட், மூன்று செட். வழிவிளக்குகளுக்கு ஒன்று, மேல்தளத்துக்கு ஒன்று, துரையின் விசிறிக்கு ஒன்று. படகு கங்கைக் கரையில், கார்டன் ரீச்சில் இருந்த எங்கள் துறைக்கு வந்தவுடன் முப்பத்தாறு ஜாடிகளையும் இறக்கி, கொட்டகையில் வைத்து, ஐஸ் மெஷினுக்கு ஓடும் டைனமோவிலிருந்து சார்ஜ் ஏற்றி, மறுபடி படகில் ஏற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு ஆள் தேடினார்கள். ஆபீஸில் கெட்டிக்கார வங்காளி குமாஸ்தாக்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் மீன் வந்து இறங்குகிற துறையில் அவர்களில் ஒருவரை உட்கார வைப்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது என்று துரை நினைத்தார். மீனே தின்னாத ஒரு மதராஸி மாடியில் கடிதம் நகல் எடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நான் காலேஜில் எஃப்.ஏ. வகுப்பில் பௌதிகம் படித்தவன் என்பது பிற்பாடு தெரிந்தது. மின்சாரம் தெரியும் என்பதற்காக அல்ல, மீன் தெரியாது என்பதற்காக நான் பாட்டரி பாபு ஆனேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வேறு தண்ணீரோ அழுக்குக் கையோ பட்டால் ஜாடி கெட்டுவிடும். தஞ்சாவூர் ஜில்லாவில் மடித் தண்ணீரைப் பிறர் தொடாமல் காப்பாற்றிய குடும்பத்தில் வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது? தண்ணீர்ப் பானையருகே படகில் வேலை செய்கிற கலாசிகள் யாராவது வந்தால் நான் போடுகிற கூச்சலில் ஐஸ் மெஷின்காரன் எட்டிப் பார்ப்பான். ஊரில் ஆசாரம் என்று சிரிப்பார்கள்; கார்டன் ரீச்சில் அதே கூச்சலுக்குப் பெயர் விஞ்ஞானம். திராவகம் தெறித்து என் வேஷ்டிகளெல்லாம் சல்லடையானதுதான் ஒரு குறை.

காளிகாட்டில் எங்கள் ஜாகைக்கு நான் திரும்பியதும் என் மனைவி கேட்பாள்: "ஏன்னா, உங்க முப்பத்தாறு கொழந்தையும் பால் குடிச்சாச்சா? இல்லே, அதுல ஏதாவது ஒண்ணு அழறதா?" அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். எனக்கு வேலை இன்னும் காயம், அதாவது நிரந்தரம், ஆகவில்லை. தீபாவளிக்குள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தேழாவதற்குப் பால் வாங்க அந்த வேலை நிலைத்தாக வேண்டும்.

இனி சாரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகை உண்மையில் நடத்துகிறவர் அவர்தான். நவகாளிப் பக்கத்து முஸ்லிம், நாற்பது வயசிருக்கும். அந்த ஆற்றிலே இருபது வருஷம் ஓட்டியவர். ஊரில் ஐந்து பெண்டு பிள்ளைகள் அவர் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதி வங்காளம், பாதி இந்துஸ்தானியாக அவர் பேசியதை நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்சாரத்தின் மேல் அவருக்குப் பகையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. தம் படுக்கைப் பலகைக்கு அடியில், கோணிக்குள் சுருட்டி, ஓர் அரிக்கன் விளக்கு வைத்திருந்தார். படகில் மண்ணெண்ணெய் கூடாது என்று கம்பெனி விதி. ஒருநாள் அதை நான் பார்த்துவிட்டேன்.

"பாபு, இது என் சொந்த விளக்கு. கம்பெனியோடது இல்லை. தூங்கட்டும், விடுங்க" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். முப்பத்தாறு ஜாடிகளுக்கு அதிபதியான எனக்கு ஓர் அரிக்கன் விளக்கு எந்த மூலைக்கு?

ஜாடிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. தினமும் ஒவ்வொரு ஜாடியிலும் கண்ணாடி மிதவையை விட்டு, திராவகத்தின் அடர்த்தியைப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரத்து இருநூற்றுப் பத்து என்றால் நிறைந்துவிட்டது என்று பொருள். துரை ஜாடியைப் பார்த்ததே இல்லை. நோட்டை மட்டும் பார்ப்பார். கறுப்பு மசியில் மணிமணியாக வரிசைகள். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "அழகு, அழகு" என்பார். ஜாடிகள் எனக்காக நிறைகின்றனவா, நோட்டுக்காக நிறைகின்றனவா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

அந்த வருஷம் பூஜைக் காலம் வந்தது. கல்கத்தாவே துர்க்கை பூஜையில் மூழ்கிக் கிடந்தது. படகு அஷ்டமியன்று சாயங்காலம் திரும்பியது. மூன்று செட்டும் காலி. அடுத்த பயணம் ஏகாதசி காலையில்தான் என்று உத்தரவு. மூன்றும் நிறைய ஒன்றரை நாள் போதும். ஆகவே அவசரமில்லை. கொட்டகையில் இணைத்து ஓட விட்டேன்.

மறுநாள் நவமி. வங்காளிகளுக்குத் துர்க்கை, எங்களுக்கு ஆயுத பூஜை, சரஸ்வதி பூஜை. ஜீவனத்துக்கு உதவுகிற கருவியை அன்று கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, வேலை வாங்காமல் ஓய்வு கொடுக்க வேண்டும். புத்தகத்தையும் பேனாவையும் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை படிக்கவோ எழுதவோ கூடாது. சரி, என் ஜீவனத்துக்கு உதவுகிற கருவி எது? யோசித்துப் பாருங்கள். முப்பத்தாறு ஜாடி, ஒரு மிதவை, ஒரு நோட்டு, ஒரு பேனா.

என் அப்பா தாலுகா கச்சேரியில் முத்திரைக்கட்டைக்குச் சந்தனம் இட்டவர். நான் மட்டும் விடலாமா? நவமியன்று விடியற்காலையில் போய் மின்சாரத்தைத் துண்டித்தேன். ஜாடிகளைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு இட்டு, பூ வைத்தேன். மனைவி கொடுத்தனுப்பிய கொண்டைக்கடலைச் சுண்டலை நைவேத்தியம் பண்ணினேன். நோட்டைப் பட்டுத் துணியில் சுற்றி ஜாடிகளுக்கு முன்னால் வைத்தேன்.

ஆனால் நவமிக்கான வரி நோட்டில் காலியாக இருந்தால் துரை கேட்பாரே! அதற்கும் வழி பண்ணியிருந்தேன். மறுநாள் எழுதக் கூடாது என்பதால் அஷ்டமி சாயங்காலமே நவமியின் வரியை எழுதிவிட்டேன். மூன்று செட்டும் ஆயிரத்து இருநூற்றுப் பத்து. கீழே கையெழுத்து. பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. சரஸ்வதிக்கு அபசாரம் வராமல் பார்த்துக்கொண்டோம் என்றுதான் திருப்தியாக இருந்தது. இப்படி ஒரு பக்தி உலகத்தில் எங்களவர்களுக்கு மட்டும்தான் வரும்.

பூஜை முடிகிற சமயம் சாரங்கு வாசலில் வந்து நின்றார். ஜாடிகளின் பொட்டைப் பார்த்தார். கழற்றிக் கிடந்த கம்பிகளையும் பார்த்தார்.

"பாபு, இன்னிக்குக் கரண்ட் இல்லையா?"

"இல்லை சாரங்கு. இன்னிக்கு எங்க வழக்கப்படி ஆயுதத்துக்கெல்லாம் லீவு. நாளைக்குக் காலையில மறுபடி ஓட்டிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "நல்லதுதான். எங்க ஊர்லயும் வலைக்கு ஓய்வு குடுக்கிற நாள் உண்டு" என்று சொல்லி, நான் கொடுத்த சுண்டலைக் கையில் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

தசமி காலை. ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, நிதானமாகப் புனர்பூஜை பண்ணி, கம்பியை இணைத்தபோது மணி பத்து. கையோடு துரையின் சீட்டு வந்தது. அன்று மாலை ஆற்றில் துர்க்கை விசர்ஜனம். அதைப் படகிலிருந்து பார்க்க அவருடைய விருந்தாளிகள், நான்கு துரைசானிகள் உட்பட, மூன்று மணிக்கு வருகிறார்கள். எல்லா விளக்கும் எரிய வேண்டும். பாட்டரி பாபுவும் கூட வர வேண்டும். சீட்டின் கடைசியில், 'உன் நோட்டைப் பார்த்தேன், எல்லாம் நிறைந்திருக்கின்றன, சந்தோஷம்' என்று எழுதியிருந்தது. நான் ராகு காலம் கழியக் காத்திருந்த நேரத்தில் ஆபீஸ் பியூன் பட்டுத் துணியைப் பிரித்து நோட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறான்.

ஓடிப்போய், 'துரையே, நிறையவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அப்படியானால் நோட்டில் இருப்பது என்ன என்று கேட்பார். காயம் ஆகாத வேலை. ஏழு மாசக் கர்ப்பிணி. இருக்கிற ஐந்து மணி நேரத்தில் ஏறுகிற மட்டும் ஏறட்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். மிதவை ஆயிரத்து நூற்றைம்பதிலேயே நின்றது. ஏற்றும்போது சாரங்கு கேட்டார்:

"இருட்டுற வரைக்கும் தாங்குமா, பாபு?"

"புஸ்தகத்துல ஃபுல்லுன்னு இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜாடியைத் தூக்கப் போய்விட்டார்.

மூன்று மணி வெயிலில் துரைசானிகள் வந்தார்கள். மின்சாரத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் துரை பட்டப்பகலிலேயே எட்டு விளக்கையும் பாய்மர விளக்கையும் போடச் சொன்னார். சூரியனுக்கு நாங்கள் வெளிச்சம் காட்டினோம். விசிறி சுற்றியது. மணியை அமுக்கிப் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஆசை. ஒவ்வொரு அமுக்கலும் என் நெஞ்சில் அமுக்கினது. ஜாடிகள் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் தெரிந்த சுலோகமெல்லாம் சொன்னேன்.

படித்துறைகளில் ஜனக்கடல். இரண்டு நாட்டுப் படகுகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் தேவியை வைத்து நடு ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே கட்டை அவிழ்த்துப் படகுகளை விலக்கினால் தேவி நடுவில் நீரில் இறங்குவாள். இப்படிப் பத்துப் பதினைந்து ஜோடிகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது பேர், தாரை தப்பட்டையோடு. பார்க்க வேண்டிய காட்சிதான். நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து, தூறலும் பிடித்தது. முதலில் விசிறி நின்றது. துரை அதைக் காற்று குளிர்ந்துவிட்டதற்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பிறகு மேல்தளத்து விளக்குகள் தணல் மாதிரி சிவந்து அணைந்தன. கடைசியில் பாய்மர விளக்கும், சிவப்பும், பச்சையும். கறுப்புப் படகு, கறுப்பு ஆறு, நாங்கள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். சாரங்கு நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஆனால் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியது. ஊதலை ஊதினார், நூறு தப்பட்டைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். அன்று நிஜமாகவே வந்தது. எங்களுக்கு நேர் எதிரே, குறுக்காக, ஒரு ஜோடிப் படகு. அதில் இருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது. குழந்தைகளும் இருந்தார்கள். என்னால் அவர்கள் சாகப் போகிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது.

சாரங்கு சுக்கானைச் சுக்கானியிடம் விட்டுவிட்டுக் கீழே குதித்தார். அரை நிமிஷத்தில் அரிக்கன் விளக்கோடு முன்பக்கம் ஓடினார். நுனியில் ஒரு காலை ஊன்றி, கயிற்றை ஒரு கையால் பிடித்து வெளியே தொங்கிக்கொண்டு, விளக்கைத் தலைக்கு மேல் இடமும் வலமுமாக ஆட்டிக் கூவினார். எதிர்ப் படகில் ஒருவன் திரும்பினான். அலறினான். கட்டியிருந்த கயிற்றை வெட்டிவிட்டார்கள். இரண்டு படகும் பிரிந்தன. தேவி கொஞ்சம் அவசரமாகவே கங்கையில் இறங்கினாள். நாங்கள் அந்த இடைவெளியில் புகுந்து போனோம். இரு பக்கமும் கை நீட்டினால் அவர்கள் முகத்தைத் தொட்டிருக்கலாம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

துரைசானிகள் கைதட்டினார்கள். விளக்கு ஆட்டுவது சடங்கில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. சாரங்குக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைக்கு வங்காளம் தெரியாது. ஆகவே மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேஜையின் மேல் இரண்டு சாட்சிகள்: என் நோட்டு, அவருடைய அரிக்கன் விளக்கு.

குற்றம் ஒன்று, விதிக்கு மாறாகப் படகில் மண்ணெண்ணெய் வைத்திருந்தது. குற்றம் இரண்டு, விருந்தாளிகள் முன்னால் கூச்சல் போட்டது. குற்றம் மூன்று, பாட்டரிகள் நிறைந்திருந்ததற்கு நோட்டே சாட்சியாக இருக்க, விளக்கு அணைந்தபடியால் படகு ஆட்கள் யாரோ கம்பியில் கை வைத்திருக்கிறார்கள். அதற்குச் சாரங்கே பொறுப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் ஒருவன் தலையை உடைக்க அது நன்றாக உதவும்.

துரை என்னிடம் கேட்டார்: "இந்த நோட்டில் இருப்பது சரிதானே?"

"ஆமாம், சார்."

"அவனிடம் கேள். இதற்கு என்ன சொல்கிறான்?"

நான் கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன். பொட்டு இட்ட ஜாடிகளைப் பார்த்தவர், சுண்டல் தின்றவர், கரண்ட் நின்றிருந்ததை அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாரங்கு என்னைப் பார்த்தபடி சொன்னார்:

"பாபு எழுதியிருந்தா அது சரியாத்தான் இருக்கும்."

நான் அதை இங்கிலீஷில், "ஒப்புக்கொள்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

அன்றே அவரை நீக்கிவிட்டார்கள். நோட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக என் வேலை தீபாவளிக்கு முன்பே காயம் ஆயிற்று. துரை கேட்டபடி நானே ஓர் அறிக்கை எழுதினேன். அதன்பேரில் 'ஆபத்து உதவிச் சாதனம்' என்ற பெயரில் இரண்டு மண்ணெண்ணெய் விளக்குகள் சீமையிலிருந்து வந்து இறங்கின. அவை மட்டும் சீக்கிரம் வந்துவிட்டன. அவற்றுக்கு ஒரு தனி நோட்டும் போட்டார்கள்.

நீக்கிய மறுநாள் சாரங்கு தம் விளக்கை வாங்கிக்கொள்ளக் கொட்டகைக்கு வந்தார். சாட்சிப் பொருள் என்று என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தம் லுங்கியால் துடைத்து, திரியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஜாடிகளில் இன்னும் குங்குமம் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் சாரங்கு சொல்லலை? நீங்க பார்த்தீங்களே" என்றேன்.

"உங்க வீட்டுல பிள்ளை பிறக்கப் போகுதுன்னு சொன்னீங்க. என் பிள்ளைங்க பிறந்தாச்சு" என்றார். பிறகு சிரித்தார், அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "அன்னிக்கு எல்லாத்துக்கும் லீவு குடுத்தீங்க, பாபு. இந்த விளக்குக்கு மட்டும்தான் குடுக்கலை."

விளக்கைக் கோணியில் சுருட்டிக்கொண்டு, ஐஸ் மெஷின் கொட்டகையைத் தாண்டி, கிதிர்பூர் ரோட்டுப் பக்கம் நடந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு. துரை ஐந்து மணி வரையில் மாடியில்தான் இருப்பார். மாடிக்குப் பதினெட்டுப் படி. தினமும் நோட்டோடு ஏறுகிறவனுக்குத் தெரியாதா? ஐந்து அடிக்கிற வரைக்கும் நான் ஜாடி ஜாடியாகக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.